ஒன்று கூடுதல்

கையெழுத்து நானூற்றுப் பதினொன்று.
பெட்டியில் சீட்டு நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் முறையும் எச்சில் தொட்டு எண்ணிவிட்டேன்.
நாக்கில் இப்போது மை.

பினாங்குத் துறைமுக லோரி ஓட்டுநர் கூட்டுறவுச் சங்கம்.
தலைவர் தேர்தல்.
குயின் ஸ்திரீட் மளிகைக்கடைக்கு மேல் மாடி அறை.
கணக்குத் தெரிந்தவள்,
எந்தப் பக்கமும் மாமன் மச்சான் இல்லாதவள் என்று
இருநூறு ரிங்கிட்டுக்கு என்னை அழைத்தார்கள்.

ஒரு சீட்டில் குறியே இல்லை.
இரண்டு கட்டத்துக்கும் குறுக்கே
‘டயர் வாங்கக் கடன் குடுங்க’ என்றிருந்தது.
செல்லாது என்றேன்.
“‘டயர்’ எங்க கட்டத்துலதானே ஆரம்பிக்குது?”
சவரிநாதனின் ஏஜெண்டு.
“‘குடுங்க’ எங்ககிட்டதானே முடியுது?”
லெட்சுமையாவின் ஏஜெண்டு.
அதற்கே போயிற்று முக்கால் மணி.

மீதி, இருநூற்று ஆறு; இருநூற்று ஐந்து.
சவரிநாதன் ஒன்றில் முந்துகிறார்.
அந்த ஒன்று
எந்த ஒன்று?

கீழே அஞ்சடியில் யாரோ பட்டாசு கொளுத்திவிட்டார்கள்.
யாருக்கென்று தெரியாமல்
இரண்டு கூட்டமும் கைதட்டியது.
சிக்கனச் சங்கம், மாலை ஒன்றுதான் வாங்கியிருக்கிறது.
ஈரத்துணி சுற்றிக்கொண்டு அது
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது
கழுத்து கிடைக்காமல்.

கள்ள ஓட்டு என்கிறது வாட்சப்.
ஏழு நிமிடத்தில் அந்தக் கள்ளனுக்கு
மீசையும் மோட்டார்சைக்கிள் நம்பரும் வந்துவிட்டன.

பத்தரைக்குப் படியேறி வந்தார் மருதப்பன்.
வலது கை முழுக்கக் கட்டு. கொண்டெய்னர் கதவு.
“காலையில கையெழுத்துப் போட முடியல தங்கச்சி.
பேரேட்டுல இருந்த பையன்
போங்கண்ணே, அப்புறம் எழுதிக்கறேன்னான்.
இடது கையால குறி போட்டேன்.”

பையனைப் பார்த்தேன்.
அவன் மீ கோரிங் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
இந்த விரலுக்கு
ஊரே வீங்கிக் கிடக்கிறது.

“தெரிஞ்சுபோச்சுல்ல, அறிவிங்க!”
“கையெழுத்தில்லாத ஓட்டு ஒரு ஓட்டா? எடுங்க!”
எதை எடுப்பது?
மடித்துப் போட்டபின் சீட்டுக்கு முகம் கிடையாது,
அதுதான் அதன் மானம்.
இடது கைக் கோணலைத் தேடினால்
கோணல் குறி பத்தொன்பது.
ஸ்டியரிங் பிடிக்கிற கைகள்,
பேனாவுக்கு நேர்கோடா வரும்?

“யாருக்குப் போட்டேன்னு நானே சொல்லிடறேனே…”
“சொல்லாதீங்க!”
கத்தியது நான்தான்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

திருடன் ஒருவன் இருந்திருந்தால் எவ்வளவு எளிது.
பிடித்துக் கொடுத்துவிட்டு மாலையைப் போட்டிருப்பார்கள்.
இங்கே இருப்பதோ ஒரு காயமும்
அதற்கு இரங்கிய ஒரு பையனும்.

இரண்டு நாற்பது. பெட்டிக்கு அரக்கு வைத்தேன்.
‘முடிவு’ என்ற இடத்தில்
‘விசாரணைக்குப் பின்’ என்று எழுதினேன்.
இரண்டு ஏஜெண்டும் ஒரே பேனாவில் ஒப்பமிட்டார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

பெர்ரி எப்போதோ போய்விட்டது.
மருதப்பன் அஞ்சடித் தூணில் சாய்ந்து நின்றார்.
என் கார் பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்குத்தான் போகும்.
ஏறுங்கள் என்று சொல்லவில்லை.

இரண்டு கூட்டமும்
பார்த்துக்கொண்டிருந்தது.