தண்ணீர் ஊற்றாதே

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஸ்டிஸ்லாவா
சீட்டில் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.
மூன்று முறை அடிக்கோடு.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஒஸ்ட்ராவாவில் முப்பத்தொரு வருடம்
நிலக்கரிக்காகப் பாறையோடு மல்லுக்கட்டியவன் நான்.
காசு கொடுத்துக் கல் வாங்குகிறவளை
அடுத்த தோட்டத்தில் பார்த்தபோது
சிரிப்புத்தான் வந்தது.
பலகைக் கற்களை நெட்டுக்குத்தாக நட்டாள்,
அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல்.
நடுவே விரல் நுழையாத சந்து.
அதற்குள் சரளை, மணல், பேருக்குக் கொஞ்சம் மண்.
"உரம்?" என்றேன்.
"கொழுத்தால் செத்துப்போகும்."

என் தக்காளிகள் இப்படியெல்லாம் பிகு செய்வதில்லை.

எங்கள் பாஷையில் அதன் பெயர் லோமிகாமென்,
கல்லுடைப்பான்.
என் தொழிலையல்லவா
பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது!
சட்டைப் பொத்தான் அகலம்.
இலையோரமெல்லாம் வெள்ளைப் புள்ளி.
பூஞ்சை என்று துடைக்கப் போனேன்,
கையைத் தட்டிவிட்டாள்.
"சுண்ணாம்பு. கல்லைக் குடித்துவிட்டு
வியர்க்கிறது, விடு."

மைனஸ் இருபதில் அவள் குறட்டை விட்டாள்,
பனி போர்த்திக்கொள்ளட்டும் என்று.
நவம்பர் தூறலுக்குத்தான்
செருப்பில்லாமல் ஓடிவருவாள்,
கையில் கண்ணாடித் தகடு.

ஜூலையில் அவள் இடுப்பெலும்பு
எங்கோ ஒரு கட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்தது.
கல்லில் கை வைத்தேன், சுட்டது.
சந்துக்குள் மாட்டிக்கொண்டவனின் தாகம்
எனக்குத் தெரியும்.
ஒருமுறை பதினாறு மணி நேரம்
கீழே கிடந்திருக்கிறேன்,
மேலே ஆட்கள் தோண்டும் சத்தத்தை
எண்ணிக்கொண்டு.

ஒரு குவளைதான்.
சாயங்காலம் மட்டும்.
மூன்று வாரம்.

அழுகல் நடுவிலிருந்து வந்தது.
தொட்டேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது,
சளசளவென்று.

ஊன்றுகோலோடு வந்தவள் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
சந்துக்குள் பின்னல் ஊசியை விட்டுத் துழாவி
பட்டாணி அளவு ஒரு கிள்ளை எடுத்தாள்,
அடியில் பழுப்பாக ஒரு நூல்.
மணலில் செருகினாள்.
"பூக்குமா?"
"நாலு வருடம் கழித்துக் கேள்."
அவளுக்கு எழுபத்தெட்டு.

நேற்று ராத்திரி தூறல் பிடித்தது.
அவளால் இன்னும் ஓட முடியாது.
கண்ணாடித் தகட்டைத் தூக்கிக்கொண்டு
நான் ஓடினேன், என் முழங்கால் கெட்ட கேட்டுக்கு.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்,
பட்டாணி பட்டாணியாகவே இருந்தது.

சீட்டு இன்னும் அதே சட்டைப்பையில்.
ஒரு தடவை துவைத்தாகிவிட்டது.
எழுத்து போய்விட்டது,
அடிக்கோடு மூன்றும் அப்படியே இருக்கின்றன.