ஊத்தான் மெலிந்தாங், இரவு வேலை

செம்பனை லோரி எடைமேடையில் ஏறி நிற்கிறது.
பதினெட்டு டன், நானூறு கிலோ.
எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

மில் புகைக்கு மேலே அதோ,
முக்கோணம் குலையாமல் நகரும் மூன்று வெளிச்சம்.
இராணுவத்தின் காதுகள் என்பான்
ரேடியோ பழுதுபார்க்கும் நேசமணி.
ஒரே அலை மூன்றுக்கும்
முன்னே பின்னே போய்ச் சேருமாம்.
அந்த இம்மி வித்தியாசத்தில்
கப்பல் அகப்பட்டுவிடுமாம்.

உன் டேங்கர் தன் பெயரை அணைத்துப்
பதினோரு நாள்.
"கடல்லதான் இருக்காரு" என்கிறான் ஏஜென்சிக்காரன்,
கடைக்குப் போனவனைச் சொல்வதுபோல.

பெயரை அணைக்கலாம்.
ரேடார் சுழலாமல் இருட்டில் போக முடியுமா?
ஒவ்வொரு சுற்றுக்கும் அது
"இங்கே, இங்கே" என்கிறது.
அந்த மூன்றுக்கும் தெரியும், குணாளா.
எனக்குத்தான் தெரியாது.
எவனோ ஒருவன் திரையில் நீ புள்ளி.
உன் சர்க்கரை மாத்திரை
போன வாரமே தீர்ந்திருக்கும் என்று
அவன் கோப்பில் ஒரு வரி இருக்காது.

லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
வெளிச்சங்கள் தோட்டத்தைத் தாண்டுவதற்குள்
வாக்கிடாக்கியை அழுத்தி, வானத்தைப் பார்த்துக் கேட்டேன்:
"பசியாறியாச்சா?"

கேட்டிலிருந்து ஜாகா பதில் சொன்னார்:
"இன்னும் இல்லம்மா."