ஒருமை

பாறை எண் நாற்பத்தேழு.
வட யூயிஸ்ட், மேற்குக் கரை.
நீர் இறங்கினால் மட்டும் நடந்து போகலாம்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
பெயர், எழுத்து, பொருள், இடம்,
சான்று சொல்பவர் இருவர்.
நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வந்த நில அளவைக்காரன்
இதற்கு ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு
தேநீர் குடிக்கப் போயிருக்கிறான்.

ஃபெராகர் முதல் சான்று.
"ஸ்கெர் நன் யாஹ்" என்றார்,
பூனையை நாற்காலியிலிருந்து இறக்கியபடி.
குதிரைகளின் பாறை.
எந்தக் குதிரைகள்?
"அலைகள்தாம். வடமேற்குக் காற்றில் வந்து பார்,
பிடரி பிடரியாக ஏறும்."
அழகாக இருந்தது. எழுதிக்கொண்டேன்.
(அழகான விளக்கத்தை நம்பாதே
என்பது எங்கள் அலுவலக வழக்கு.)

சாலைக்கு அந்தப் பக்கம் தங்கை பெஹாக்.
ஆட்டு மயிர் கத்தரித்த கையோடு
வாசலிலேயே நிறுத்தினாள்.
"ஸ்கெர் அன் எய்ஹ்."
குதிரையின் பாறை.

காதுக்கு ஒரு மூச்சு வித்தியாசம்.
இந்த மொழியில் வேற்றுமைக்கு
வாலில் உருபு ஒட்டுவது குறைவு;
சொல்லே உள்ளுக்குள் திரும்பிக்கொள்ளும்.
பல குதிரைகள் என்றால் யாஹ் என்று நிமிர்ந்து நிற்கும்,
ஒன்றே ஒன்று என்றால்
எய்ஹ் என்று குனியும்.

"ஒன்றா, பலவா?" என்றேன்.
"பிரின்ஸுக்கு எத்தனை தலை?"
கதவு சாத்திக்கொண்டது.

மூன்று மணிக்கு நீர் இறங்கியது.
பாறையின் கடல் பக்கத்தில்
ஓர் இரும்பு வளையம், சிப்பி மூடி.
மீதியைக் கடையில் உருளைக்கிழங்கு நிறுத்தவர் சொன்னார்,
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்:
ஐம்பத்தேழு, பிப்ரவரி.
கடற்பாசி அள்ளப் போன வண்டிக் குதிரை.
துறைக்குப் புதுக் கப்பல் வந்த சத்தம் கேட்டு
பார்க்க ஓடிய பையனுக்குப் பதினாலு வயது.
முடிச்சை நன்றாகத்தான் போட்டிருந்தான்.
அதுதான்.

இரண்டு பெயரையும் எழுதி
ஒன்றை அடிக்கலாமா என்று காரில் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியில் விரல் தட்டியது.
ஃபெராகர், மேல்கோட்டு இல்லாமல்.
"ஒன்று" என்றார்.
"அலை கிலையெல்லாம் நானாகச் சொன்னது."
மழைக்குள் திரும்பிப் போனார்,
வேகமாக அல்ல.

ஆறாம் வேற்றுமைக்கு உடைமைப் பொருள் என்பார்கள்.
குதிரைக்குப் பாறை உடைமையா,
பாறைக்குக் குதிரையா,
படிவம் கேட்கவில்லை.
வளையத்துக்குக் கட்டமில்லை, முடிச்சுக்கும்.
அழிப்பானால் நான்கு எழுத்தைத் தேய்த்தேன்,
தாள் கொஞ்சம் பஞ்சாயிற்று.

அச்சில் இது புள்ளிக்கோடாக வரும்:
நீர் ஏறினால் தெரியாது என்று அர்த்தம்.

மறுநாள் கையெழுத்துக்குப் போனபோது
பெஹாக் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"அவன் பெயருக்கு மேலேயா, கீழேயா?"
கீழே, என்றேன்.
சற்று யோசித்தாள்.
என் பேனா அந்தக் குளிரில் எழுதவில்லை.
உள்ளே போய்
ஆடுகளை எண்ணிக் குறிக்கும் பென்சிலை எடுத்து வந்தாள்.