தவக்காலத்தில் இலுப்பை

எலத்தகிரிக் கோயிலில் முதல் மணி அடிக்கும் முன்
மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.
பிறகு போனால் அணில் தின்றது, எறும்பு மொய்த்தது,
ஆடு மிதித்தது.

நானும் இவரும் போனோம்.
பழைய நைலான் சேலையை நேற்றிரவே விரித்து
நாலு முனையிலும் கல் வைத்திருந்தேன்.
மேலே வௌவால்களுக்கு இன்னும் தகராறு தீரவில்லை.
பூ விழும் சத்தம்
மழை தொடங்கலாமா என்று யோசிக்கிற மாதிரி:
ஒன்று.
கொஞ்சம் கழித்து ஒன்று.
பிறகு மூன்று சேர்ந்து.

மரம் முனியப்பனுடையது.
பூசாரி மாதப்பன் போன வருசம் மறித்தார்:
"எல்லாத்தையும் நீ அள்ளிட்டா
விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்?"
தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துக் காட்டினேன்.
பூ கழன்ற இடத்தில்
ஊசிபோல ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.
காய் அங்கேயே இருக்குண்ணா,
கீழே விழுந்தது அதோட சட்டை.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"அப்ப எனக்கு ஒரு பாட்டில்" என்றார்.
"பெலவேந்திரம் வரலியா?" என்றும் கேட்டார்.

போன வருசம் இவர் வரவில்லை.
போன வருசம் இவரை
யாராவதுதான் எங்கிருந்தாவது கொண்டுவந்து விடுவார்கள்.
கிறிஸ்துமஸுக்கென்று நான் காத்த ஜாடியை
நவம்பரிலேயே அடிவரை முடித்துவிட்டு
கிராம்பை மட்டும் விட்டு வைத்திருந்தார்.
எண்ணினேன். பன்னிரண்டு.
நான் போட்டதும் பன்னிரண்டு.
அதில் மட்டும் நேர்மை.

இன்று எழுபத்தொன்பதாவது நாள்.
மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து கணக்கு.
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
சாக்பீஸால் கோடு போடுகிறார்,
நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு.
தவக்காலத்துக்கு நான் டீயை விட்டிருக்கிறேன்.
அதைப் பங்குச் சாமியார்கூட விசாரித்தார்.
இவர் எதை விட்டிருக்கிறார் என்று
யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

லாரி ஸ்டியரிங் பிடித்த கை
என்னைவிட வேகமாகப் பொறுக்கியது.
மண் ஒட்டியதை ஊதி, உள்ளே இருக்கும் முடியை உதறி,
தூக்கில் போடுவதற்கு முன் ஒன்றை
வாயில் போட்டுக்கொண்டார்.
நான் பார்க்காதது போலப் பார்த்தேன்.
மென்றார்.
"இனிப்பு" என்றார். "வெறும் இனிப்பு.
கொஞ்சம் எலி வாசனை."

வீட்டில் நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோ.
ஈரச் சாக்கில் கொட்டிவிட்டு
மாடியில் காயப்போடலாமா என்று இழுத்தேன்.
ஆலையில்லா ஊருக்கு
இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொன்னவன்
பாதியில் நிறுத்திவிட்டான்.
சர்க்கரை அதற்குப் பிறகு என்னவாகும் என்பதை
எங்கள் தலையில் விட்டுவிட்டான்.

"ஜாடியக் கழுவலியா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
"போடு.
ஒண்ணுமில்லாத வீட்ல நின்னுகிட்டு
வேணாம் வேணாம்னா யார்கிட்டச் சொல்றது?
எதிர்ல ஒண்ணு இருக்கணும்."

அது தைரியமா, தந்திரமா என்று
பதினெட்டு வருசக் குடித்தனத்துக்கும் தெரியவில்லை.
பாலக்கோட்டு வெல்லம் இரண்டு கிலோ தட்டினேன்.
ஆறிய வெந்நீர், ஒரு கை கோதுமை,
ஈஸ்ட் ஒரு ஸ்பூன், அரை எலுமிச்சை.
கிராம்பு பன்னிரண்டு எடுத்து வைத்தேன்;
திரும்பிப் பார்த்தால் பதினொன்று.
கன்னத்தில் ஒதுக்கியிருந்தார்.
வாய் நாற்றத்தை மறைக்கிற பழைய பழக்கம்.
இப்போது மறைக்க ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி
மாடிப்படிக்கு அடியில் தள்ளினோம்,
இரண்டு பேருமாக. கனம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஜாடி பேச ஆரம்பித்தது.
ஒன்று.
கொஞ்சம் கழித்து ஒன்று.
பக்கத்தில் இவர் மூச்சை அளந்து அளந்து விடுகிறார்.
தூங்குகிறவன் அப்படி விடமாட்டான்.
நானும் அதே மாதிரி விட்டுக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் முதலில்
மீட்டர் பெட்டிப் பக்கம் போனேன்.
ஜாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.