பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்

கடிகாரக்காரன் ஃபுல்ஹென்சியோவுக்கு டெங்கு.
அதனால் ஏணி என்னிடம் வந்தது.
இருபத்திரண்டு வருடம் இந்தச் செனட்டில் காபி கொடுத்தவள்,
கடிகாரத்தின் முகத்தை
இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.
ஏழாம் எண்ணுக்குக் கீழே ஒரு செத்த ஈ.

"நிறுத்திவிடு, பெனிக்னா" என்றார் அவைத்தலைவர்.
நள்ளிரவு தாண்டினால் கூட்டத்தொடர் முடிந்துவிடும்.
முடிந்துவிட்டால்
அடுத்த தெரு மாளிகையில்
மை நிரப்பிக் காத்திருக்கும் அதிபரின் பேனா
வெள்ள நிவாரணப் பணத்தின் மேல்
தன்னந்தனியாக இறங்கும்.
யார் கையால் கொடுப்பது என்பதில்தான் சண்டை.
கொடுக்க வேண்டும் என்பதில்
இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை,
மூன்று வாரமாக.

துடைப்பக் குச்சியில் ஒரு துண்டு ஒடித்து
ஊசலுக்குக் குறுக்கே செருகினேன்.
டக் என்றது.
பிறகு அது ஒன்றும் சொல்லவில்லை.

என் வீடு சக்கரீத்தாவில் இருக்கிறது.
இருந்தது.
ஆறு முதலில் கோழிக்கூட்டைக் கேட்டது,
அடுத்து கட்டிலை,
அப்புறம் கேட்காமலே எடுத்துக்கொண்டது.
இப்போது சதுக்கத்தில் ஒட்டுப்பலகைக் குடிசை, எண் நாற்பத்தொன்று.
செனட்டின் படியில் நின்றால் தெரியும்,
மாளிகையின் மாடியில் நின்றாலும் தெரியும்.
எங்களை யாரும் பார்க்கவில்லை என்று
நான் சொல்லமாட்டேன்.

செனட்டர் ரூமில்டா ஒஹேதா
இருநூற்றுச் சொச்சம் பிரிவுகளையும்
கண்ணாடி போடாமல் சொன்னாள்.
பின்வரிசையில் ஒருவர் குறட்டையால் வழிமொழிந்தார்.
அந்த ஐந்து நிமிடத்துக்குள்
ஏழு முறை காபி சுமந்தேன்.
சர்க்கரை தீர்ந்தது.

வாசலில் மாளிகையின் மோட்டார் சைக்கிள்காரன்
முத்திரை வைத்த உறையோடு நின்றான்.
"வாங்க முடியாது. உள்ளே இன்னும் வியாழன்"
என்றான் காவலாளி.
"எனக்கு வெள்ளி பிறந்து இரண்டு மணி நேரமாச்சு"
என்றான் வந்தவன்.
என்ன செய்வது,
இருவரும் படியில் உட்கார்ந்து
ஒரே குவளையில் குளிர்ந்த மாத்தே உறிஞ்சினார்கள்.
ஒருவன் வியாழக்கிழமையில் குடித்தான்,
மற்றவன் வெள்ளியில்.
புழுக்கத்தில் தென்னம்பாளை போல எதுவோ மணத்தது.
கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கோக்கோ பனையின் பூவெட்டி
யாரோ விற்க வைத்திருந்தார்கள்.

சதுக்கத்துச் சேவல்கள் கூவின.
அவற்றில் ஒன்று என்னுடையது;
குரலில் தெரியும், கொஞ்சம் கரகரப்பு.
கைகள் உயர்ந்தன. எண்ணினார்கள்.
சன்னல் வழியே வந்த வெயில்
வழுக்கைத் தலையில் பளபளக்க
அவைத்தலைவர் அறிவித்தார்:
"இரவு மணி பதினொன்று ஐம்பத்தைந்து.
சட்டம் நிறைவேறியது."
கைதட்டினார்கள். நான் கோப்பைகளை அடுக்கினேன்.

வானொலி சொன்னது:
அதிபரின் ஆணை கையெழுத்தாகிவிட்டது,
நள்ளிரவு கழிந்து ஒரு நிமிடத்தில்.
ஆக, நிவாரணம் இரண்டு.
எது செல்லும் என்று நீதிமன்றம் சொல்லும்.
நீதிமன்றம் பிப்ரவரியில் திறக்கும்.

கரையில் என் மகன் இசித்ரோ நட்ட கழியில்
ஆணியால் கீறிய நேற்றைய கோடு
தண்ணீருக்குள் போயிருந்தது.
ஐந்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை.
முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று
செருப்பைக் கழற்றாமல் இறங்கி
மேலே ஒரு கோடு கீறினேன்.

மதியம் ஆள் அனுப்பினார்கள்:
கடிகாரத்தை ஓடவிட வேண்டுமாம்.
மறுபடி ஏணி.
"எந்த மணிக்கு வைக்கட்டும், ஐயா?"
அவைத்தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
சன்னலுக்கு வெளியே, மாளிகைப் பக்கம் பார்த்தார்.
மதிய மணியை ஒப்புக்கொண்டால்
ஒரு நள்ளிரவையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.
"ஃபுல்ஹென்சியோ குணமாகி வரட்டும்" என்றார்.

சரி.
அந்த ஈயை மட்டும் ஊதிவிட்டு
இறங்கிவந்தேன்.