அணையாடை

பாராசூட் மடிக்கும் மேசை நாற்பது அடி நீளம்.
அதன் ஓர் ஓரத்தில்
வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் நின்று
ஹாலிஸின் பழைய ஃபிளானல் சட்டையை
மணற்கடிகார வடிவில் வெட்டுகிறேன்.

மிசூலாவில் பிப்ரவரி.
விமானத்தின் சக்கரம் வரை பனி.
காட்டுத்தீக்குள் குதிக்கிறவர்கள்தான்
இங்கே தையல்காரர்களும்.
குளிர்காலம் முழுக்க மிஷின் சத்தம்,
கரிபிடித்த பைகள், தேய்ந்த தோள்வார்கள்.
வரும் கோடையில் குதிக்கக் கூடாது என்று
மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார்.
எழுதாவிட்டாலும் இடுப்புவார்
எனக்கு இப்போது எட்டாது.

இந்தக் கூடத்தில் தைக்கிற எதற்கும்
ஒரு சீட்டு உண்டு:
தைத்தவர், சோதித்தவர், தேதி.
அறுந்தால் யாரைக் கேட்பது என்று
கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் அணையாடைக்கும் ஒன்று எழுதினேன்.
கிரெட்டா ஹாகன், பிப்ரவரி ஒன்பது.
சோதித்தவர் டுவெய்ன் பெட்ரிக்.
காபியைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.
"கரடியையே கட்டித் தூக்கலாம்" என்றான்.
பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

மேரன் ஏப்ரலில் பிறந்தாள், எட்டு பவுண்டு.
முதல் இரவு ஒழுகியது.
இரண்டாம் இரவு ஒழுகவில்லை.
காலையில் அவிழ்த்தால்
இரண்டு தொடையிலும் சிவந்த வளையம்,
என் தையலின் பல்வரிசை
ஒன்றுவிடாமல் பதிந்து.

இருநூறு பவுண்டு ஆள்
வானத்திலிருந்து விழும்போது
நிறுத்திப் பிடிக்கிற நைலான் நூல் அது.

விடியாத மூன்று மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து
இருபத்தோரு துணியையும் பிரித்தேன்.
நானே மூன்றடுக்காகப் போட்ட தையல்,
என்னோடு மல்லுக்கு நின்றது.
ஹாலிஸ் எழுந்து வந்தான், ஒன்றும் கேட்கவில்லை,
இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டான்.

பிறகு பருத்தி நூல்.
எலாஸ்டிக்கை இழுக்காமல் அதன் போக்கில் விட்டு,
என் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சியில்.
உள்ளே குளியல் துண்டு, மூன்று மடிப்பு.
பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ.
அது துவைக்கும் இயந்திரத்துக்குள்
அகப்பட்டதையெல்லாம் கவ்விக்கொண்டு
ஒரே சங்கிலியாக வெளியே வந்தது,
நடுவில் ஹாலிஸின் காலுறை ஒன்று.
அவன் சிரித்தான், நான் அழுதேன்,
கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொண்டோம்.

ஜூலையில் சைரன்.
வீட்டிலிருந்தே கேட்கும்.
கொடியில் பாதித் துணியை மாட்டியிருந்தேன்,
வாயில் இரண்டு கவ்வி.
விமானம் தலைக்கு மேலே திரும்பி மேற்கே போனது.
எட்டுப் பேர் உள்ளே.
டுவெய்னின் இடது தோள்வாரில் என் பெயர்.
மார்ச் மாதம், கால் வீங்கி உட்கார்ந்தபடி தைத்தது.
அன்றைக்குக் கவனமாகத்தான் இருந்தேனா
என்று யோசித்தேன்.
மூன்றடுக்குதானே போட்டேன்?
நூல் முடிகிற இடத்தில்
திரும்பி ஓட்டினேன் அல்லவா?

மறுநாள் மலைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.
உலர்ந்த வெள்ளைத் துணிகளில்
கறுப்புப் பொடிகள் வந்து உட்கார்ந்தன.
மறுபடி துவைத்தேன்.
மறுபடி உட்கார்ந்தன.
உள்ளேயே, குளியலறைக் குழாயில்,
நாற்காலி முதுகில், கதவுப் பிடியில் காயப்போட்டேன்.
அணைக்கப் போனவர்கள் திரும்புகிறவரை
நான் இவளை அணைத்துக்கொண்டு
வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

ஒன்பதாம் நாள் டுவெய்ன் வந்தான்.
புருவம் பாதி பொசுங்கியிருந்தது.
குளித்தும் போகாத நெடி.
தோள்வாரைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
கையை நீட்டினான், மேரனைக் கொடுத்தேன்.
அவள் அவன் தாடியில் ஒட்டியிருந்த
ஒரு கரித்துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது.
மெதுவாகக் குனிந்து தன் மடியைப் பார்த்தான்.
பிறகு கூடத்தில் பேசுகிற அதே குரலில்:
"தைத்தவர் யார்?"

நான்தான் என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"இடது. தொடைக்குக் கீழே."

பென்சிலைத் தேடினேன்.