தொடர்ச்சிக் குறிப்பேடு

கஸ்தூரியார் வீதியில்
ஒரு பெயின்ற் கடைக்கு மேலே
எங்கள் சினிமா வகுப்பு.
ஒன்பது பேர், ஒரு கமரா.
படிக்க வந்த நாள் பலகையில் எழுதச் சொன்னார்கள்,
ஆர் ஆர் என்னவாகப் போகிறீர்கள் என்று.
இயக்குநர் இயக்குநர் இயக்குநர் இயக்குநர்
இயக்குநர் இயக்குநர் இயக்குநர்
இயக்கமும் நானே கமராவும் நானே
(இது யூட் றொமேசன்).
நான் சோக்கட்டியோடு போனபோது
பலகையில் இடமில்லை.

மிஞ்சின வேலை எனக்கு வந்தது.
தொடர்ச்சி பார்ப்பது.
முதல் ஷொட்டில் தேத்தண்ணி அரைக் கோப்பை என்றால்
அடுத்த ஷொட்டிலும் அரைக் கோப்பை.
இடையில் நாலு மணித்தியாலம் போயிருக்கும்
கரண்ட் போயிருக்கும்
மழை வந்து போயிருக்கும்
கோப்பையைக் காகம் தட்டிக்கூட விட்டிருக்கும்.
படத்துக்கு அது ஒன்றும் தெரியக்கூடாது.

அம்மா கேட்டா,
"ஆரும் கேட்டால் என்னெண்டு சொல்ல, பிள்ளை?"
"ஞாபகம் வைச்சிருக்கிற வேலை எண்டு சொல்லுங்கோ."
"அதுக்குச் சம்பளம் தருவினமோ?"

காட்சி பதினாலு. குருநகர் இறங்குதுறை.
நீலச் சேட்டு. இடது கை இரண்டு மடிப்பு.
மூன்றாவது தெறி இல்லை.
தலை ஈரம், வகிடு வலப்பக்கம்.
மணிக்கூடு நாலு பத்து
(உண்மையாகவே நின்றுபோன மணிக்கூடு).
கோப்பை அரை.

ஜெனிஸ்ரன் எங்கள் கதாநாயகன்.
நடிக்கத் தெரியாது, வள்ளம் இறக்கத் தெரியும்.
ஒவ்வொரு ரேக்கிலும் கமராவைப் பார்த்துச் சிரிப்பான்
ஒவ்வொரு ரேக்கிலும் தேத்தண்ணியைக் குடித்துவிடுவான்.
நான் ஊற்றி ஊற்றி
அரைக்குக் கொண்டுவருவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை.
போன் நிறுத்தி இருந்தது.
வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது,
ஏஜென்சிக்காரன் கூப்பிட்டுவிட்டான்,
ஆள் பிரான்சுக்குப் பாதி வழியில்.

மிச்சம் ஆறு ஷொட்.
யூட் றொமேசனின் ஒன்றுவிட்ட தம்பிக்கு
அதே நீலச் சேட்டைப் போட்டோம்.
நான் கையை இரண்டாய் மடித்தேன்
மூன்றாவது தெறியைக் கத்தரித்தேன்
தலையை நனைத்து வகிடு எடுத்தேன்.
முதுகுப் பக்கத்தாலேயே எடுத்து முடித்தோம்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
தொடர்ச்சி சரி.

திரையிட்ட அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.
கடைசி வரிசையில் ஜெனிஸ்ரனின் தாய்.
எழுந்து வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னா,
"பிற்பாதியிலை வாறது
என்ரை பிள்ளையின்ரை முதுகு இல்லை."

இப்போது,
யூட் றொமேசன் ட்ரோன் விடுகிறான்.
சாமத்தியவீட்டுப் பிள்ளையை
வானத்திலிருந்து எடுத்தால் பதினையாயிரம் கூட.
பிரசாலினி கொழும்பில் விளம்பரங்களுக்கு நிறம் திருத்துகிறாள்,
பிஸ்கட் இன்னும் கொஞ்சம் பொன்னாக.
துஷாந்தன் உபதலைப்பு எழுதுகிறான்,
ஐயோ என்பதற்கு அவனிடம்
எட்டு இங்கிலீஷ் இருக்கிறது.
மற்றவர்களில் மூன்று பேர் வங்கியில், ஒருத்தி ரீச்சர்.
ஒருவன் மட்டும் உண்மையாகவே இயக்குகிறான்,
காரைநகர் மினிபஸ்.

நான் கனடாக் கல்யாணங்களை இங்கிருந்து வெட்டி ஒட்டுகிறேன்.
தாலி கட்டுகிற நேரம்
மாப்பிள்ளையின் மாலை எந்தப் பக்கம் சரிந்தது என்று
இன்னமும் எழுதி வைக்கிறேன்,
ஆரும் கேட்காவிட்டாலும்.

போன மாதம் அந்தத் தாய் திரும்ப வந்தா.
"தள்ளிப்போட்டது இருக்கோ, பிள்ளை?
அவன் பிழைவிட்டது?"
இருந்தது.
பதினொரு ரேக், எல்லாம் உதவாதவை.
கோப்பை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு,
ஒன்றில் வெறும் கோப்பை.
பதினொன்றிலும் நேரே பார்த்துச் சிரிக்கிறான்.

பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு
ஒரு பை இறாலை மேசையில் வைத்துவிட்டுப் போனா.

அம்மா கோது உடைத்துக்கொண்டே கேட்டா,
"ஆர் தந்தது?"
நான் குறிப்பேட்டை எடுத்து
திகதியை எழுதினேன்.
இறால், ஒன்றரைக் கிலோ.